பெல்ல அடிங்கடா, வலப்பக்கத்தால வாங்கடா

இண்டைக்கும் ஒருத்தன் இடப்பக்கத்தால பூந்துட்டான். சைக்கிள் ஓடுற ஆக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல, வாசிக்கக்குள்ளயே வயிறு பத்தும். பெல் இல்ல, ஒரு செருமல் இல்ல, "அக்கா வாறன்" எண்டு ஒரு சொல் இல்ல, திடீரெண்டு முழங்கைக்குப் பக்கத்துல ஒரு ஹாண்டில். அதுவும் மட்டக்களப்புக் கல்லடிப் புதுப் பாலத்துல, காலம நெரிசலுக்குள்ள, கரியர்ல என்ட புள்ள இருக்கக்குள்ள. ஒபிசுக்கு வந்து பிளேன்டீ குடிச்சும் நெஞ்சு படபடப்பு அடங்கல்ல.

நான் எப்பிடி ஓடினன் எண்டத முதல்ல சொல்லிருறன், பொறகு ஆரும் "நீங்க நடு றோட்டால போயிருப்பீங்க" எண்டு வரக்கூடாது. நாவற்குடாவில இருந்து வாற வழி முழுக்க ஓரத்தாலதான் வந்தன். பாலத்துல ஏறினா நடைபாதைக் கட்டு வந்துரும், அந்தக் கட்டுக்கும் என்ட சில்லுக்கும் நடுவுல ஒண்டரை முழம் விட்டுத்தான் எப்பவும் ஓடுறன். அந்த ஒண்டரை முழம் ஆரும் வந்து வேலி போடச் சும்மா கிடக்குற காணி இல்ல. பெடல் கீழ வரக்குள்ள கட்டுல தட்டினா ஆள் அந்த இடத்துலயே விழும், அதுக்கு வேணும். ஓரத்துல மண் படிஞ்சு கிடக்கும், முன்சில்லு அதுல ஏறினா சறுக்கும், அதுக்கு வேணும். கச்சான் காத்து பாலத்துட நடுவுக்கு வந்ததும் பக்கவாட்டுல ஒரு தள்ளுத் தள்ளும், கரியர்ல ஆள் இருந்தா இன்னும் கூட ஆடும், அந்த ஆட்டத்துக்கு வேணும். ஏத்தத்துல வேகம் குறையக் குறைய ஹாண்டில் இஞ்சால அங்கால போகத்தான் செய்யும், ஒரு நாளாவது ஆள ஏத்திக்கொண்டு மிதிச்ச எல்லாருக்கும் இது தெரியும்.

அந்த ஒண்டரை முழத்துக்குள்ளதான் அந்த அறுவான் பூந்தவன்.

வலப்பக்கத்துல கல்முனை பஸ் ஒண்டு ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வருது. நான் ஹாண்டில இறுக்கிப் புடிச்சு நேரா ஓடுறன், "ஆடாம இரு மகள்" எண்டு பின்னால சொல்லுறன். அந்த நேரம் பார்த்து இடப்பக்கத்துல செயின் சத்தம் கேக்குது. கறுப்பு கியர் சைக்கிள், நேர் ஹாண்டில், நல்ல அகலம், ரெண்டு காதுலயும் இயர்போன். அவன்ட பெடல், சாறி சில்லுல சிக்காமப் பூட்டியிருக்குற சாறி கார்ட்ல கிரீச் எண்டு இழுத்துது, மறுகா அவன்ட பிரேக் லீவர் போய் மகள்ட புத்தகப் பை வார்ல கொழுவிச்சு. பிரேக் லீவர், பை வார்ல. நான் சொல்லுறது விளங்குதா? புள்ள முதுகுல போட்டிருக்குற பை. அவன் மிதிக்கிறான், வார் இழுபடுது, வாரோட புள்ள இழுபடுது, புள்ளயோட என்ட சைக்கிள்ட பின்பக்கமே இழுபடுது, இந்தப் பக்கம் பஸ்ஸிட சில்லு என்ட காலுக்குக் கிட்ட உருளுது. பிரேக்க அமத்தினா அவன்ட இழுவைக்குப் புள்ள கீழ போகும், அமத்தாட்டி எல்லாரும் சேர்ந்து கட்டுல போய் அடிக்கோணும். "அம்மா" எண்டு அவள் என்ட சாறியப் புடிச்ச புடியில தோள்ல குத்தின ஊசி கழண்டு போச்சு. அந்த மாமாங்கத்துப் பிள்ளையார்தான் காப்பாத்தினார், வார் தானாக் கழண்டுது. கழண்ட வேகத்துல அவன் ஒரு ஆட்டம் ஆடி முன்னால போய், ஒரு காதுல இருந்து இயர்போனக் கழட்டி, திரும்பிப் பார்த்து என்ன சொன்னான் தெரியுமா?

"அக்கா, ஓரமாப் போங்கக்கா."

ஓரமா! எனக்கும் ஓரத்துக்கும் நடுவுல பூந்து வந்தவன் என்ன ஓரமாப் போகச் சொல்லுறான். எந்த ஓரம்டா? ஓரத்துல நீதானே நிண்டாய்! அதுக்கு அங்கால நடைபாதை, அதுக்கு அங்கால கம்பி, அதுக்கு அங்கால வாவி. மன்னிப்புக் கேக்க வேணாம், புள்ளைக்கு ஏதும் பட்டுதா எண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புள்ளட முகத்த அவன் பாக்கவே இல்ல. அவள் பள்ளிக்கூட வாசல் மட்டும் என்ட முதுகுல முகத்த வச்சு அழுதுகொண்டு வந்தாள்.

சரி, அவ்வளவு அவசரம் எண்டா போய்த் தொலையட்டும் எண்டு பார்த்தா, பாலத்துட இறக்கத்துல, ஆக்கள் போற வழிக்கு நடுவுல, ஒரு காலக் கீழ ஊண்டி போனப் பார்த்துக்கொண்டு நிக்குறான். புள்ளய விழுத்தப் பார்த்து மிச்சம் புடிச்ச நேரம் அவனுக்கு போன் பாக்கத்தான். இதுக்குத்தானா இந்தக் கண்டறியாத அவசரம்? நான் பின்னால திரும்பிப் பார்த்து, வாகனம் இல்ல எண்டு தெரிஞ்சு, கை காட்டி, பெல் அடிச்சு, வலப்பக்கத்தால தாராளமா இடம் விட்டு அவனத் தாண்டினன். அவனுக்கு அது பொறுக்கல்ல. சாறி கட்டின பொம்புள ஒருத்தி, லேடீஸ் சைக்கிள்ல, கரியர்ல புள்ளையும் வச்சுக்கொண்டு தன்னத் தாண்டிட்டா எண்டதும் உடனே ரோசம் வந்துட்டு. போன பொக்கட்டுல போட்டான், சீட்ட விட்டு எழும்பி நிண்டு மிதிச்சான், அரசடிக்கு முதல் மறுபடியும் முந்தினான். மறுபடியும் இடப்பக்கத்தால! முந்தி முன்னுக்கு வந்ததும் மிதிக்கிறத நிப்பாட்டிட்டு ஆறுதலா உருளுறான். இப்ப நான் அவனுக்குப் பின்னால பிரேக் புடிச்சுக்கொண்டு போகோணும்.

இது என்ன வருத்தம் எண்டு எனக்கு விளங்கவே இல்ல. ஆம்புள ஒருத்தர் தாண்டினா பேசாமப் போறான், டீச்சர் ஒருத்தி தாண்டினா, ஏஎல் படிக்கிற பெட்ட ஒருத்தி தாண்டினா துரத்திக்கொண்டு வாறான். என்ட ஒபிஸ்ல சைக்கிள்ல வாற பொம்புளைகள் எல்லாருக்கும் இந்த அனுபவம் இருக்கு, ஒருத்தி மிச்சமில்ல. நாங்க உங்களோட போட்டிக்கு வரல்ல. விரல் வைக்கிற மெசின்ல பிந்தினதெண்டு சிவப்பு விழாம விரல் வைக்க வாறம், அவ்வளவுதான்.

முந்தின உடனே முன்னுக்கு வெட்டுறது இருக்கே, அதுதான் இடப்பக்கத்தால வாறதிலயும் மோசம். அவன்ட பின்சில்லு என்ட முன்சில்லுல உரசினா அவனுக்கு ஒண்டும் ஆகாது, விழுறது பின்னால வாற நான்தான். சைக்கிள் விழாம நிக்குறதே நாங்க முன்சில்ல ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமா இஞ்சால அங்கால திருப்பிக்கொண்டு இருக்குறதாலதான். அந்தச் சில்லப் பக்கத்தால ஒண்டு அடைச்சா திருப்ப ஏலா, திருப்ப ஏலாட்டி நிமித்த ஏலா, ஒரு நொடியில ஆள் றோட்டுல. விழுத்தினவனுக்கு விழுத்தினதே தெரியாது, அவன் பாட்டுக்குப் போயிருவான். முந்தினா இன்னும் நாலு மிதி மிதிச்சு, பின்னால ஒரு சைக்கிள் நீளம் இடம் இருக்கா எண்டு பார்த்துட்டு இடப்பக்கம் வந்தா என்ன, கால் கழண்டு விழுமா?

மறுகா அந்த முதுகுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வாற கூட்டம். காத்து எதிர்க்க அடிக்கிற நாள்ல ஆக்கள்ட பின்சில்லோட முன்சில்ல ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில, சொல்லாமக் கொள்ளாம வாறது. முன்னால போறவருக்கு மறைவா வந்தா மிதிக்க லேசு எண்டு தெரியுது, முன்னால குழி ஒண்டு வந்து அவர் டக்கெண்டு பிரேக் புடிச்சா என்ன நடக்கும் எண்டு மட்டும் தெரியல்ல. மாரி மழைக்குப் பொறகு எங்கட றோட்டு ஓரத்துல குழி எது, தண்ணி எது எண்டு முன்னால போறவருக்கே தெரியாது.

பெல் அடிக்கிற ஆக்கள்லயும் பாதிப் பேருக்கு எங்க வச்சு அடிக்கிறதெண்டு தெரியாது. காதுக்குள்ள வந்து டிங் எண்டு அடிச்சா மனிசர் பயந்து திரும்புவாங்களா இல்லையா? தலை எந்தப் பக்கம் திரும்புதோ ஹாண்டிலும் அந்தப் பக்கம்தான் போகும், அதுவும் வயசான ஆக்கள் எண்டா நேரா உங்கட சில்லுக்குள்ளதான் கிறுகுவாங்க. ஆறேழு சைக்கிள் நீளம் இருக்கக்குள்ளயே அடிங்க. கேட்டவர் நேரா ஓடட்டும், நீங்க வலப்பக்கத்தால வாங்க. முன்னால போறவர் வலப்பக்கம் கிறுகக் கை காட்டி நடுவுக்குப் போயிட்டார் எண்டா மட்டும் இடப்பக்கத்தால போங்க, மத்த நேரத்துல இடப்பக்கத்த மறந்துருங்க.

இத எல்லாம் ஆரும் எனக்கு வகுப்பு வச்சுச் சொல்லித்தரல்ல. நொச்சிமுனைக்குக் கிட்ட மீன் விக்கிற முஸ்லிம் அண்ணன், காக்கா எண்டுதான் சொல்லுவம், என்னத் தாண்டிப் போவார், பின்னுக்கு ரெஜிபோம் பெட்டி நிறைய மீனும் ஐசும், அந்தப் பாரத்தோட நிப்பாட்டி நிப்பாட்டி மிதிக்கிறது எவ்வளவு கஸ்டம் எண்டு பாக்கவே தெரியும். அந்த மனிசன் தூரத்துல இருந்தே பெல் அடிப்பார், கிட்ட வந்ததும் "தங்கச்சி, வலப்பக்கத்தால வாறன்" எண்டு சொல்லுவார், தாண்டி நல்லா முன்னுக்குப் போன பொறகுதான் இடப்பக்கம் எடுப்பார். பஸ் வந்தா எனக்குப் பின்னாலயே மெதுவா வருவார், பூர மாட்டார். மீன் பழுதாப் போற அவசரம் உள்ள மனிசனுக்கு அந்தப் பொறுமை இருக்கு. டியூசன் பொடியனுகள் மூணு பேர் சோடி போட்டுக் கதைச்சுக்கொண்டு போவானுகள், அது ஒரு ஆக்கினைதான், ஆனாலும் பெல் அடிச்சா "டே அன்ரி வாறாடா" எண்டு ஒருத்தன் கத்த ஒரே வரிசைக்கு வந்துருவானுகள். சின்னப் பொடியனுக்கு விளங்குறது இந்த வளந்த மாட்டுக்கு விளங்கல்லயே.

1924-ல கட்டின அந்தப் பழைய இரும்புப் பாலத்தாலதான் அப்பா காலம் முழுக்க வேலைக்குப் போய் வந்தவர். ஒரு நேரத்துல ஒரு பக்கத்து வாகனம்தான் போகும், அந்தப் பக்கம் முடியுமட்டும் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிக்கோணும், சண்டைக் காலத்துல ஆமிச் சென்றியும் சேர்ந்து, இறங்கி உருட்டிக்கொண்டு போகோணும். "பாலத்துல முந்தாத, இறங்கின பொறகு முந்து" எண்டுதான் அவர் எனக்குச் சைக்கிள் பழக்கக்குள்ளயே சொன்னவர். 2013-ல புதுப் பாலம் திறந்து பஸ்ஸும் பஸ்ஸும் விலத்திப் போற அளவுக்கு இடம் வந்துட்டு. இடம் இல்லாத காலத்துல இருந்த மரியாதை இடம் வந்த பொறகு எங்க போச்சு?

எனக்கு எண்டா 2022-ல தொடங்கின வியாதி இது. பெற்றோல் இல்லாம பெற்றோல் செட் வரிசையில நாள்க்கணக்கா நிண்டு வெறுத்துப் போய், ஆக்கள் எல்லாம் கொட்டில்ல துருப்புடிச்சுக் கிடந்த லுமாலா சைக்கிளத் தட்டி எடுத்த நேரம். சைக்கிள் விலை எகிறிப் போய், பழசுக்கே அடிபட்ட நேரம். நல்லதுதான், ஊரே சைக்கிள்ல போனத நானும் சந்தோசமாத்தான் பார்த்தன். ஆனா அதுல பாதிப் பேர் மோட்டார் சைக்கிள விட்டாங்களே தவிர மோட்டார் சைக்கிள் புத்திய விடல்ல. இடைவெளி கண்டா பூருறது, முன்னால நிக்குற எல்லாரும் தனக்குத் தடை எண்டு நினைக்கிறது. மோட்டார் சைக்கிள்ல முறுக்கினா அடுத்த நொடி அங்கால போயிரலாம். சைக்கிள்ல முறுக்க ஒண்டும் இல்ல, பூந்த இடத்துல பக்கத்துப் பக்கத்துல கன நேரம் சேர்ந்துதான் ஓடோணும், அந்த நேரம் முழுக்க மத்தவங்கட உயிரும் உங்கட ஹாண்டில்லதான் இருக்கு. கியர் சைக்கிளுக்கு அவ்வளவு காசு குடுக்குறீங்க, ஒரு பெல் பூட்ட காசு இல்லையா? பெல் வடிவக் கெடுக்குமாம். ஒருத்தர் என்ட முகத்துக்கு நேர சொன்னது இது. பெல் பூட்ட விருப்பமில்லாட்டி வாய் இருக்குதானே, வாயத் திறந்து கத்துங்க.

இவ்வளவும் பட்டு, புள்ளயப் பள்ளிக்கூடத்துல விட்டு, அழுத கண்ணத் துடைச்சு, சாறி ஊசிய வாசல்ல நிண்டு திருப்பிக் குத்தி, ஒபிசுக்கு வாறன், சைக்கிள் ஸ்டாண்ட் நிறைய மோட்டார் சைக்கிள்! தகரம் போட்ட நிழல் இருக்குறது அந்த ஒரு இடத்துலதான், மேல "துவிச்சக்கர வண்டி" எண்டு பெயின்ட்ல எழுதியும் இருக்கு. எங்கட சைக்கிள் எல்லாம் மதிலோரம் வெயில்ல. போன கிழம ஒரு பிள்ளட டியூப் நிண்ட இடத்துலயே வெடிச்சது, பின்னேரம் அவள் ஒட்டுக் கடை மட்டும் உருட்டிக்கொண்டு போனாள், நாலு மணிக்கு நான் ஏறக்குள்ள சீட்டுல கை வைக்க ஏலா. காவலாளி ஐயாட்ட கேட்டா "சொன்னாக் கேக்குறாங்க இல்ல மகள், எல்லாம் பெரிய ஆக்கள்" எண்டு கையப் பிசையுறார். பெரிய ஆக்கள் எண்டா வெயில் சுடாத இடம் அவங்களுக்கு எழுதி வச்சதா? நாளைக்குக் காலம விரல் வைக்க முதல் நிர்வாக உத்தியோகத்தர்ட மேசைக்குத்தான் போறன், சைக்கிள்ல வாற மத்தப் பொம்புளைகளையும் கூட்டிக்கொண்டு போறன்.