ஷன்ட் வைத்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்

மூளை அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே தொற்று வருவதைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்குக் குடியாத்தம். என் தங்கை மகனுக்கு எட்டாவது மாதத்தில் தலையில் நீர் கோத்து, அந்த நீரை மூளையிலிருந்து வயிற்றுக்கு வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்தார்கள். குழாய் வைத்த ஆறாவது வாரம் காய்ச்சல், வாந்தி, பால் குடிக்கவில்லை. பல் முளைக்கிற காய்ச்சல் என்று அம்மா சொன்னதை நம்பி இரண்டு நாளை வீணாக்கிவிட்டோம். கடைசியில் பார்த்தால் குழாயில் தொற்று. அதை எடுத்து, மூளை நீரைத் தற்காலிகமாக வெளியே வடியவிட்டு, நாட்கணக்கில் ஊசி மருந்து ஏற்றி, மறுபடி புதுக் குழாய். பிள்ளை பட்ட பாடு சொல்லி முடியாது.

பெரும்பாலும் நம் தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிதான் காரணமாம். குழாயின் மேல் பிசின் போலப் படலம் கட்டிக்கொள்ளும். மருந்து அதைத் தாண்டிப் போவது கடினம். முதல் சில மாதங்களில்தான் பயம் அதிகம்.

பார்வையாளர்களைப் பற்றிக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லையே! பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு வந்து, தையல் போட்ட தலையைத் தடவிக் கொஞ்சிய சொந்தக்காரர்களை நாங்கள் தடுக்கவில்லை. சரி, அன்பில் செய்ததுதான். ஆனால் கை கழுவச் சொல்லக் கூச்சப்பட்டோம்.

1949-லேயே நரம்பு அறுவைக்கென்று தனித் துறை தொடங்கிய ஊர் எங்கள் பக்கத்து வேலூர். சித்தூரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கி வருகிறார்கள். அபாய அறிகுறிகளைத் தமிழ், தெலுங்கு, வங்காள மொழிகளில் ஒரே தாளில் அச்சிட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது தாயின் கையில் கொடுத்தால் என்ன?