ஒரே மெட்டுக்கு ஐந்து பேருக்குச் சம்பளமா?

(அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலை. புளூ ரிட்ஜ் மலைத்தொடரை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் தீயணைப்பு நிலையக் கூடம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கவிருக்கும் ஊர்க் கச்சேரிகளைப் பற்றி முடிவெடுக்கக் குழு கூடியிருக்கிறது. குழு என்பது பதினொரு பேர், வந்திருப்பது இருவர். ஒருவர் இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூர்ப் பள்ளியிலேயே கற்பித்து ஓய்வுபெற்ற செயலாளர் அம்மையார். மற்றவர், ஒஹாயோவில் ஆயுளெல்லாம் கணக்குத் தணிக்கை செய்துவிட்டு, மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று சென்ற ஆண்டு இங்கே குடிவந்த பொருளாளர். மலைக்காற்றோடு இசையும் சேர்ந்து வரும் என்று வீட்டுத் தரகர் அவரிடம் சொல்லவில்லை.)

பொருளாளர்: செயலாளர் அம்மா, நீங்கள் அனுப்பிய பட்டியலை மூன்று முறை படித்துப் பார்த்தேன். எட்டுக் கச்சேரிகளில் நான்கினைப் 'புளூகிராஸ்' என்றும் நான்கினை 'ஓல்ட் டைம்' என்றும் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டிலும் ஃபிடில் என்று இங்கே அழைக்கப்படும் வயலின் இருக்கிறது, இரண்டிலும் பேஞ்சோ என்ற தந்திக்கருவி இருக்கிறது, இரண்டிலும் கிட்டார் இருக்கிறது, இரண்டிலும் யாரோ ஒருவர் மலையில் விட்டுவந்த வீட்டை நினைத்து உருகுகிறார். ஒரே சரக்கை இரண்டு தலைப்புகளில் எழுதியிருப்பதைக் கண்டால் தணிக்கையாளன் கையில் சிவப்புப் பேனா தானாக வந்துவிடும்.

செயலாளர்: ஐயா, இந்தக் கேள்வியை இந்த நான்கு சுவர்களுக்குள் கேட்டதோடு விட்டுவிடுங்கள். மளிகைக் கடையில் கேட்டுவிடாதீர்கள். என் அண்டை வீட்டில் அண்ணன் புளூகிராஸ், தம்பி ஓல்ட் டைம். விருந்து நாளில் அவர்களை மேசையின் இரு கோடிகளில் உட்கார வைத்து, நடுவே வான்கோழியை வைப்பார்கள்.

பொருளாளர்: வேறுபாடு இருந்தால் சொல்லுங்கள், தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொள்கிறேன்.

செயலாளர்: ஓல்ட் டைம்தான் மூத்தது. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் குடியேறியவர்கள் ஃபிடில் மெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டி மீட்டிய கருவியிலிருந்து பேஞ்சோ வந்தது. இந்த மலைகளில் இரண்டும் சேர்ந்து, வானொலி வருவதற்கு வெகுகாலம் முன்பே வீட்டுத் திண்ணையிலும் நடனக் கூடத்திலும் ஒலித்தவை. புளூகிராஸ் அப்படியன்று, அதற்குப் பிறந்த தேதியே ஏறக்குறையச் சொல்லலாம். கென்டக்கியின் ரோசைன் என்ற ஊரில் 1911-இல் பிறந்த பில் மன்ரோ என்ற மாண்டலின் கலைஞர், தம் மாநிலத்துக்குப் பேர்போன 'புளூகிராஸ்' என்ற புல்லின் பெயரைத் தம் குழுவுக்கு வைத்தார். 1939-இல் நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓலே ஆப்ரி' வானொலி மேடையில் சேர்ந்தார். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் என்ற இளைஞர் மூன்று விரல்களால் பேஞ்சோ வாசித்துக்கொண்டு அந்தக் குழுவில் நுழைந்தார். அதற்குப் பிறகு அந்த ஒலிக்கு வேறு பெயர் வேண்டியிருந்தது. குழுவின் பெயரையே இசைக்கும் வைத்துவிட்டார்கள்.

பொருளாளர்: அந்த இளைஞர் எவ்வளவு காலம் பணியில் இருந்தார்?

செயலாளர்: 1948 வரை. பிறகு அவரும், அதே குழுவில் பாடி கிட்டார் வாசித்த லெஸ்டர் ஃபிளாட்டும் விலகித் தனிக்குழு தொடங்கினார்கள்.

பொருளாளர்: தொழில் கற்றுக்கொண்ட ஊழியர்கள் எதிர்க்கடை திறந்திருக்கிறார்கள். இப்போதுதான் எனக்கு இந்த இசை கொஞ்சம் புரிகிறது. சரி, வாசிப்பதில் என்ன வேறுபாடு?

செயலாளர்: புளூகிராஸில் ஒவ்வொருவரும் முறைவைத்து முன்னால் வந்து தனியாக வாசித்துக் காட்டுவார்கள், மற்றவர்கள் அடக்கி வாசித்துத் தாங்குவார்கள். ஓல்ட் டைமில் தனி ஆவர்த்தனம் என்ற பேச்சே இல்லை. ஃபிடில் மெட்டைத் தொடங்கும், பேஞ்சோ அதையே நகத்தால் கீழ்நோக்கித் தட்டித் தட்டி வாசிக்கும், எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாகவே போய்க்கொண்டிருப்பார்கள்.

பொருளாளர்: ஒரு நிமிடம். ஓல்ட் டைமில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறார்களா?

செயலாளர்: ஆமாம்.

பொருளாளர்: ஒரே நேரத்தில்?

செயலாளர்: அதுதான் அதன் அழகு.

பொருளாளர்: ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வாசிக்க ஐந்து பேருக்கு எதற்கம்மா சம்பளம்? ஒருவரை அழைத்து, கொஞ்சம் சத்தமாக வாசிக்கச் சொன்னால் போதாதா?

செயலாளர்: தேவாலயத்தில் எல்லோரும் ஒரே ஜெபத்தைத்தான் சொல்கிறார்கள். ஒருவரை மட்டும் வரச் சொல்லலாம் என்று நீங்கள் போதகரிடம் போய்ச் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் நானும் ஒப்புக்கொள்கிறேன்.

பொருளாளர்: அங்கே உண்டியலில் நாம் போடுகிறோம், இங்கே நாம் கொடுக்கிறோம். இரண்டும் வேறு வேறு பத்தி. (எழுதிக்கொள்கிறார்.) ஒரு மெட்டு எவ்வளவு நேரம் நீளும்?

செயலாளர்: மெட்டு என்னவோ அரை நிமிடம்தான். அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். பத்து முறை, பதினைந்து முறை, நடனம் ஆடுபவர்கள் களைக்கவில்லையென்றால் இருபது முறையும் போகும்.

பொருளாளர் (கண்கள் விரிய): அப்படியானால் ஒன்றரை மணி நேரக் கச்சேரிக்குப் பத்துப் பன்னிரண்டு மெட்டுகளே போதும்! புளூகிராஸ்காரர்கள் அதே நேரத்தில் இருபதுக்கும் மேலே செலவழித்துவிடுவார்களே! செயலாளர் அம்மா, இத்தனை சிக்கனமான ஓர் இசையை இதுவரை என்னிடம் மறைத்து வைத்திருக்கிறீர்கள். எட்டையுமே ஓல்ட் டைமாக மாற்றிவிடலாம்.

செயலாளர்: மாற்றினால் அண்டை வீட்டு அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து பேஞ்சோவோடு உட்கார்ந்துவிடுவார். பட்டியல் நான்குக்கு நான்காகவே இருக்கட்டும்.

பொருளாளர்: இத்தனை முறை சுற்றினால், எப்போது நிறுத்துவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

செயலாளர்: மெட்டைத் தொடங்கியவர் வாசித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்குவார். கால் மேலே போனால் இதுதான் கடைசிச் சுற்று என்று பொருள். எல்லோரும் அந்தச் சுற்றோடு ஒன்றாக நிறுத்திவிடுவார்கள்.

பொருளாளர்: எழுத்துப்பூர்வமாக எதுவும் கிடையாதா?

செயலாளர்: கால்தான்.

பொருளாளர்: சரி. அடுத்தது காப்பீட்டுப் படிவம். 'நிகழ்ச்சியில் விலங்குகள் பங்கேற்குமா?' இல்லை என்று எழுதிவிடட்டுமா?

செயலாளர் (தயங்கி): முழுமையாகவா, பகுதியாகவா என்று கேட்டிருக்கிறார்களா?

பொருளாளர்: செயலாளர் அம்மா!

செயலாளர்: ஒன்றுமில்லை, பழைய ஃபிடில்காரர்கள் சிலர் கிலுகிலுப்பைப் பாம்பின் வால் கிலுகிலுப்பையை ஃபிடிலின் வயிற்றுக்குள் போட்டு வைத்திருப்பார்கள். ஈரம் அண்டாது என்று ஒருவர் சொல்வார், எலியும் சிலந்தியும் அண்டாது என்று இன்னொருவர் சொல்வார், நாதம் கூடும் என்று மூன்றாமவர் சொல்வார். எங்கள் அக்டோபர் மாதக் கலைஞர் மூன்றையும் சொல்வார். பாம்பு இறந்து பல காலம் ஆகிறது. வால் மட்டும்தான் கச்சேரிக்கு வருகிறது.

பொருளாளர்: (எழுதுகிறார்) 'விலங்கு: ஒன்று. உயிர்: இல்லை. பணி: ஈரம் காத்தல்.' அடுத்தது, 'மேடைக் கருவிகளின் மதிப்பு'. செப்டம்பரில் வரும் மாண்டலின்காரர் தமது கருவி மிகப் பழையது என்று எழுதியிருக்கிறார். தேய்மானம் கழித்தால் மதிப்பு பூஜ்யம்தான்.

செயலாளர்: அதை அவர் எதிரில் சொல்லிவிடாதீர்கள். இங்கே கணக்கு தலைகீழ். பில் மன்ரோவின் மாண்டலின் 1923-இல் கிப்சன் தொழிற்சாலையில் செய்தது. புளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் கண்டு 150 டாலருக்கு வாங்கினார். 1985-இல் எவனோ அவர் வீட்டுக்குள் புகுந்து, அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பியால் அதை அடித்துச் சில்லுச் சில்லாக உடைத்துவிட்டான். கிப்சன் நிறுவனத்துக் கைவினைஞர் ஒருவர் அந்தச் சில்லுகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் கொடுத்தார்; மன்ரோ 1996-இல் இறக்கும்வரை அதையே வாசித்தார். அதே ஆண்டில் அதே ஆலையில் செய்த அந்த வகை மாண்டலினை வாங்க வேண்டுமென்றால் இன்று நீங்கள் உங்கள் வீட்டை விற்க வேண்டியிருக்கும்.

பொருளாளர்: உடைந்ததை ஒட்டியதற்குமா மதிப்பு ஏறுகிறது? என் கார் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. அதை யாருக்குக் காட்டலாம்?

செயலாளர்: ஒலிபெருக்கிக்கு வருவோம்.

பொருளாளர்: ஆறு ஒலிவாங்கிகளை வாடகைக்குக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

செயலாளர்: வேண்டாமென்றால் ஒன்று போதும். பழைய புளூகிராஸ் குழுக்கள் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்றே வாசித்தன. பாடுபவர் நெருங்குவார், தனி வாசிப்புக்கு முறை வருபவர் உள்ளே புகுவார், முறை முடிந்தவர் பின்னால் நழுவுவார். பார்த்தால் நடனம் போலவே இருக்கும். எங்கள் நவம்பர்க் குழு இன்னும் அப்படித்தான் செய்கிறது. பேஞ்சோவின் கழுத்து நீளமானது என்பதால், மாண்டலின்காரருக்கு மட்டும் மூக்குக்கு ஒரு காப்பீடு எடுத்துவிடுங்கள்.

பொருளாளர்: (உற்சாகமாக) ஐந்து ஒலிவாங்கிகள் மிச்சம்! ஓல்ட் டைம் கச்சேரிகளுக்கு அந்த ஒன்றும் இல்லாமல் நடத்த முடியுமா?

செயலாளர்: முடியும். ஹில்டன்ஸ் என்ற ஊரில் கார்ட்டர் குடும்பத்தின் 'ஃபோல்ட்' அரங்கம் இருக்கிறது, தெரியுமல்லவா? 1927-இல் பிரிஸ்டல் நகரில் பாட்டுப் பதிவு செய்து நாடறிந்த அந்தக் குடும்பத்தின் மகள் ஜேனட், 1974-இல் சனிக்கிழமைக் கச்சேரிகளை அவ்வூரில் தொடங்கினார். மின்சாரக் கருவிகளுக்கு அந்த மேடையில் இடமே கிடையாது. புகழ்பெற்ற பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்.

பொருளாளர்: அது என்ன பாரபட்சம்?

செயலாளர்: அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை, ஐயா.

பொருளாளர்: (பெருமூச்சுடன்) மாப்பிள்ளைக்குச் சட்டம் கிடையாது என்பது ஒஹாயோவிலும் அப்படித்தான். போகட்டும், நாற்காலி வாடகை எட்டு இரவுகளுக்கும் நூற்றிருபது வீதம் போட்டிருக்கிறீர்கள்.

செயலாளர்: நான்கு இரவுகளுக்குப் போதும். புளூகிராஸுக்கு வருபவர்கள் உட்கார்ந்து, பேஞ்சோக்காரரின் விரல்களை எண்ணுவார்கள். ஓல்ட் டைமுக்கு வருபவர்கள் உட்காரவே மாட்டார்கள்; தரையோடு ஒட்டித் தட்டும் 'ஃபிளாட்ஃபுட்' ஆட்டம் ஆடுவார்கள். ஆனால் இந்தக் கூடத்தின் தரை சிமென்ட். அதில் ஆடினால் முழங்கால் போய்விடும், சத்தமும் எழாது. எட்டடிக்கு நான்கடிப் பலகைகள் பன்னிரண்டு வாங்கிப் பரப்ப வேண்டும்.

பொருளாளர்: நாற்காலியில் மிச்சம் பிடித்ததைப் பலகையில் இழந்தாயிற்று. வருமானத்துக்கு வருவோம். நுழைவுச்சீட்டு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்?

செயலாளர்: இடைவேளையில் தொப்பி சுற்றி வரும்.

பொருளாளர்: எந்த அளவுத் தொப்பி?

செயலாளர்: போன ஆண்டு விவசாயி ஒருவரின் தொப்பி. எண்ணிப் பார்த்தபோது டாலர்களோடு இரண்டு சட்டைப் பொத்தான்களும், அரை டஜன் முட்டை தருவதாக எழுதிய ஒரு சீட்டும் இருந்தன.

பொருளாளர்: முட்டை வந்ததா?

செயலாளர்: ஃபிடில்காரர் சாப்பிட்டுவிட்டார்.

பொருளாளர்: அது சம்பளத்தில் கழிக்கப்பட்டதா?

செயலாளர்: மற்றபடி பின்பக்கத்தில் பீன்ஸ் சூப்பும் சோளரொட்டியும், மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரமும் விற்போம். உண்மையைச் சொன்னால், இந்தக் கச்சேரிகளை நடத்துவது ஆப்பிள் பைதான். இசை அதற்குத் துணை.

பொருளாளர்: ஆகஸ்டில் ஏன் ஒன்றும் இல்லை? ஆப்பிள் முதிரவில்லையா?

செயலாளர்: ஆகஸ்டில் ஊரில் ஃபிடில் தெரிந்த ஓர் ஆள்கூட இருக்க மாட்டார். எல்லோரும் கேலக்ஸ் நகரத்து ஃபிடில் போட்டிக்குப் போய்க் கூடாரம் அடித்திருப்பார்கள். 1935 முதல் நடக்கிறது. பரிசுக்காகப் போவதாக மனைவியிடம் சொல்வார்கள். மேடையேறுவது சில நிமிடம், கூடாரத்து வாசலில் விடிய விடிய வாசிப்பது ஒரு வாரம்.

பொருளாளர்: அந்த ஒரு வாரத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

செயலாளர்: யாரும் தருவதில்லை.

பொருளாளர்: (பேனாவைக் கீழே வைத்து) யாரும் தராமலேயே ஒரு வாரம் வாசிப்பவர்களுக்கு, ஒன்றரை மணி நேரத்துக்கு நாம் எதற்காகத் தருகிறோம்?

செயலாளர்: அங்கே அவர்களுக்குப் பிடித்ததை வாசிக்கிறார்கள். இங்கே உங்களுக்குப் பிடித்ததையும் வாசிக்க வேண்டுமே.

பொருளாளர்: அது நியாயம். ஆனாலும் சுருதி சேர்க்கும் நேரத்தைக் கழித்துவிட வேண்டும். போன மார்ச்சில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேஞ்சோக்காரர் பதினான்கு நிமிடம் முறுக்காணியைத்தான் திருகிக்கொண்டிருந்தார்.

செயலாளர்: மெட்டுக்கு மெட்டு தந்திகளின் சுருதியையே மாற்றுகிறார்கள், ஐயா. அதனால்தான் ஒரு சுருதிக்குரிய மெட்டுகளையெல்லாம் சேர்த்து வாசித்துத் தீர்த்த பிறகு அடுத்த சுருதிக்குப் போவார்கள். இடைவேளைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிறேன். திருகும் நேரத்தில் ஆப்பிள் பை விற்கலாம்.

பொருளாளர்: நல்ல யோசனை. அப்படியானால் திரும்பவும் அந்த ஐந்து பேர் விஷயத்துக்கு வருவோம். ஒரே மெட்டு, ஒரே நேரம். மூன்று பேர் போதாதா? வேண்டுமானால் நாற்காலிகளை இன்னும் இருபது குறைத்து, பலகைகளை யாரிடமாவது இரவல் வாங்கி, தொப்பியை இரண்டு முறை சுற்றவிட்டு, அந்த மூன்று பேருக்கும்...

(செயலாளர் எழுந்திருக்காமலே, வலது காலை மேசைக்கு வெளியே நீட்டித் தூக்குகிறார்.)

பொருளாளர்: என்ன அம்மா, முழங்கால் வலியா?

(செயலாளர் பதில் சொல்லவில்லை; கால் இறங்கவும் இல்லை. பொருளாளர் காலைப் பார்க்கிறார், பட்டியலைப் பார்க்கிறார், மறுபடி காலைப் பார்க்கிறார்.)

பொருளாளர்: ...அந்த ஐந்து பேருக்கும் முழுச் சம்பளம்.

(கையெழுத்திடுகிறார். கால் இறங்குகிறது.)