நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறோம், பிள்ளைக்கு?

அக்கா மகன் அடுத்த மாதம் டைட்டில் ஃபைட் ஆடப்போகிறான். எம்எம்ஏ. ஊரில் கூண்டுச் சண்டை என்றால்தான் புரியும். வடக்கே ஒரு நகரத்தில் நடக்கிறது. நடத்துகிற கம்பெனி பெயர் வேண்டாம், அவன் பெயரும் வேண்டாம். வயது 23. ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்புப் பக்கம், விடிகாலையில் பாமணியாற்றுக் கரையில் ஒருத்தன் நாற்பது கிலோ நெல் சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்திருந்தால், அது அவன்தான்.

டீக்கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மூக்கு முகரையெல்லாம் பேந்துபோற விளையாட்டு. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?"

எனக்கு அடியைப் பற்றிக் கவலை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது இரண்டாவது கவலை. உள்ளே நடுவர் இருக்கிறார், வெளியே டாக்டர் இருக்கிறார். பிடி இறுகினால் கையால் இரண்டு தட்டு தட்டினால் போதும், அதோடு சண்டை முடிந்தது. என் முதல் கவலை, சண்டைக்கு முந்தின நாள் நடப்பது. அதை டிவியில் காட்டமாட்டார்கள்.

அவன் ஆடுவது பேண்டம்வெயிட் என்ற எடைப்பிரிவு. சண்டைக்கு முந்தின நாள் எடை பார்க்கும்போது 61.2 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. இன்று காலை அவன் எடை 69. மிச்சம் இருப்பது ஐந்து வாரம். சோற்றைக் குறைத்து, ஓடி, உடற்பயிற்சி செய்து நாலு கிலோ குறைத்துவிடுவான். அது பரவாயில்லை, கொழுப்புதானே. பாக்கி நாலு கிலோ? அது முழுக்கத் தண்ணீர். கடைசி வாரத்தின் தொடக்கத்தில் தினம் ஏழெட்டு லிட்டர் குடிப்பார்கள். உப்பை நிறுத்துவார்கள், மாவுச்சத்தை நிறுத்துவார்கள். உடம்பு தண்ணீரை வெளியே தள்ளிப் பழகிய நேரம் பார்த்து, குடிப்பதைச் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். குடிக்காவிட்டாலும் உடம்பு கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கும் மேல் மிச்சம் இருப்பதை வேர்வையாகப் பிழிந்தெடுப்பார்கள். எடை பார்த்து முடித்ததும் ஓஆர்எஸ் கரைசல், பிறகு சோறு. மறுநாள் ராத்திரி கூண்டுக்குள் நிற்கும்போது 66, 67-க்கு வந்திருப்பான். இந்தக் கூத்துக்குப் பெயர் வெயிட் கட்.

போன சண்டைக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். ஹோட்டல் குளியலறையில் தொட்டி நிறையக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், அதில் இரண்டு பாக்கெட் எப்சம் உப்பு. பத்து நிமிஷம் அதில் கிடப்பான். தூக்கி வந்து கட்டிலில் போட்டு, நாலு துண்டு, இரண்டு கம்பளி சுற்றிவிடுவோம். நேரம் பார்ப்பதும் முகத்தைத் துடைப்பதும் என் வேலை. முதல் சுற்றில் முகம் ஊற்றுப் போல வேர்த்தது. நாலாவது சுற்றில் தோல் காய்ந்த வரட்டி மாதிரி இருந்தது, வேர்க்கவே இல்லை. இன்னும் 600 கிராம் இருக்கிறது என்றார் கோச். ஒரு பாட்டிலைக் கொடுத்துத் துப்பச் சொன்னார். எச்சில் இருந்தால்தானே.

மேட்டூர் தண்ணீர் எங்கள் தலைப்புக்கு வந்து சேர்ந்த வாரம் அது. ஷட்டரைத் தூக்கியதும் நுரைத்துக்கொண்டு பாய்வதை அக்கா வீடியோ எடுத்து என் போனுக்கு அனுப்பியிருந்தாள். பிள்ளைக்குக் காட்டு, சந்தோஷப்படுவான் என்று ஒரு வரி வேறு. காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "அமத்திடுங்க மாமா" என்றான்.

மறுநாள் ஜெயித்தான், அது வேறு கதை.

ஊருக்கு வந்து இதையெல்லாம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். அத்தான் களத்தில் நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்தார். டெல்டாவில் விவசாயம் செய்பவர்களுக்கு 17 என்ற எண்ணை விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல் எடுக்கமாட்டார்கள். மழை பெய்துவிட்டால் தளர்த்தச் சொல்லி மனுப் போடுவோம், ரோட்டில் கொட்டிக் காயவைப்போம், ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கிடப்போம். அத்தான் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கையிலிருந்த நெல்லைக் களத்தில் போட்டுவிட்டுச் சொன்னார்: "நெல்லைக் காயப்போடுற மாதிரி புள்ளையக் காயப்போட்டிருக்கீங்க. நெல்லுக்காவது ஈரம் பாக்க மிஷின் இருக்கு. இவனுக்கு எவன்டா பாக்குறது?"

அவர் மகனோடு சரியாகப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. டிப்ளமோ முடித்தவன் அடிதடிக்குப் போகிறானே என்ற கோபம். (இது நம் சீமைக்குப் புதிதில்லை. உறையூரில் தித்தன் என்ற சோழனுக்கும் அவன் மகனுக்கும் ஆகாது. அந்த மகன் ஆமூர் மல்லனோடு மோதி வீழ்த்தினான். இதை அவன் அப்பன் பார்க்க வேண்டுமே என்று பாடிய சங்கப் புலவர், மகனுக்குச் சொன்ன உவமை பசித்த யானை. பசி, கவனியுங்கள். தாகம் இல்லை.)

அத்தான் கேட்டது கோபத்தில் கேட்டது. ஆனால் அதற்குப் பதில் உண்மையிலேயே இருக்கிறது.

2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ அமைப்பின் போட்டிக்கு எடை குறைக்கும்போது யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் இறந்துபோனார். வயது 21. கூண்டுக்குள் காலே வைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அமைப்பு, நீரை வற்றவைத்து எடை குறைப்பதைத் தடை செய்தது. எடை பார்க்கும்போதே சிறுநீரின் அடர்த்தியையும் சோதிக்கிறார்கள். உடம்பு வற்றியிருந்தால் சோதனையில் தோல்விதான். எடைப்பிரிவுகளையும் மேலே தள்ளினார்கள். மற்ற இடங்களில் 61.2 கிலோவாக இருக்கும் பேண்டம்வெயிட் அங்கே 65.8. அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் அதற்கு முன்பே இந்தப் பாடத்தைப் படித்துவிட்டது. 1997 கடைசியில் ஆறு வாரத்துக்குள் மூன்று மாணவர்கள் எடை குறைக்கும்போது செத்தார்கள். பிறகுதான் அங்கே நீர்ச் சோதனை வந்தது.

ஆக, மிஷின் இருக்கிறது. நெல் ஈரம் கூடினால் தள்ளுபடி, மனுஷன் ஈரம் குறைந்தால் தள்ளுபடி, அவ்வளவுதான் வித்தியாசம். அவன் ஆடப்போகிற இடத்தில் அது கிடையாது. தராசு மட்டும்தான்.

"சரிடா, நீ ஒரு பிரிவு மேல போய் ஆடேன். 65.8-ல ஆடினா என்ன?" என்று அவனிடம் கேட்டேன். சிரித்தான். "மாமா, அங்க ஆடுறவனெல்லாம் 73, 74-லேந்து எறங்கி வர்றான். நான் மட்டும் யோக்கியமா 69-ல போய் நின்னா, சண்டையன்னைக்கு என்னைவிட நாலு கிலோ கூட இருக்குறவன்கிட்ட மாட்டிக்குவேன்." கணக்கில் தப்பில்லை. எல்லாரும் தியேட்டரில் எழுந்து நின்று படம் பார்த்தால் உட்கார்ந்திருப்பவனுக்குத் திரை தெரியாது. அதனால்தான் "பையன் கேட்கமாட்டேங்கிறான்" என்று அவன் மேலேயே பழியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்க விதியால்தான் முடியும்.

சண்டையன்று காலையிலேயே எடை பார்த்தால் யாரும் இவ்வளவு குறைக்கமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், பாரிஸ் ஒலிம்பிக் வரை. மல்யுத்தத்தில் போட்டியன்று காலையில்தான் எடை பார்க்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 7 காலை, 50 கிலோ பிரிவு இறுதிப்போட்டி அன்று, வினேஷ் போகட் 100 கிராம் கூடுதல் என்று வெளியேற்றப்பட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓடி, முடியை வெட்டி, கடைசியில் சிகிச்சைக்குக் கொண்டுபோகும் நிலை. அவர் அதற்கு முன் ஆடிவந்தது 53 கிலோவில். சில நாள் கழித்து அமன் செராவத் 57 கிலோவில் வெண்கலம் வாங்கினார். பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்தார் என்று எல்லாப் பத்திரிகையும் கொண்டாடியது. ஒருவர் தவறினால் அழுகிறோம், இன்னொருவர் அதையே செய்துகாட்டினால் கைதட்டுகிறோம். இரண்டு பேரையும் அந்த ராத்திரிக்குள் தள்ளியது எது என்று கேட்டவர்கள் குறைவு.

இந்த முறை எனக்குப் பயம் கூடுதல். சாதாரணச் சண்டை மூன்று ரவுண்டு. பட்டத்துக்கு என்றால் ஐந்து, ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். வற்றிப்போன உடம்பு ஒரு நாளில் முழுசாகத் தேறாது. நாலாவது ரவுண்டில்தான் அது தெரியவரும். நீர் குறைந்த நிலையில் தலையில் அடி வாங்குவது கூடுதல் ஆபத்து என்று டாக்டர்களும் எச்சரிக்கிறார்கள். சாதாரணச் சண்டையில் எடைக்கு மேல் ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் வரை விட்டுக்கொடுப்பார்கள். பட்டத்துக்கு அதுவும் கிடையாது. ஆக, உடம்பில் தண்ணீர் அதிகம் தேவைப்படுகிற சண்டைக்குத்தான் கடைசிச் சொட்டு வரை பிழிகிறார்கள்.

நம் ஊர் ஆட்களும் யோக்கியமில்லை. இவன் இதைக் கற்றுக்கொண்டது வடக்கே போய் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது 55 கிலோ எடைக் கபடிக்கு, இரண்டு நாள் சாப்பிடாமல், மத்தியான வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றினான். நாங்கள் எல்லாரும் கரையில் உட்கார்ந்து "இன்னும் ரெண்டு ரவுண்டுடா" என்று கத்தினோம். நானும் கத்தினேன். கோப்பையும் வாங்கினான், எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

கபடிப் போட்டி நடத்துகிற தம்பிகள் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தராசில் ஏற்றுவதற்கு முன்னால் பையனின் உதட்டைப் பாருங்கள். வெடித்திருந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அதற்கு மிஷின் தேவையில்லை.

இவனுக்கு என்னால் முடிந்தது, கோச்சிடம் முன்கூட்டியே பேசியது. கடைசி வாரத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் மிச்சம் வைக்கக் கூடாது, அறையில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும், வேர்வை நின்றால் அத்தோடு சரி, எடை வந்தாலும் வராவிட்டாலும். கோச் ஒத்துக்கொண்டார். இவன் மட்டும் "பாக்கலாம் மாமா" என்றான்.

மன்னை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. சென்னை போய் அங்கிருந்து மாற வேண்டும். எனக்கு ஒன்றுதான் போட்டிருந்தேன். நேற்று அத்தான் வந்து, சட்டைப் பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவருக்கும் போட்டேன். வெயிட்டிங் லிஸ்ட் 14.