வாக்கெடுப்பு மட்டும் போதாது

நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து எந்தக் கொரியத் தொடரைப் பார்ப்பது என்பதை வாக்கெடுப்பில் முடிவு செய்யலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் வாக்கு என்று வந்துவிட்டால் புதிதாக வந்த காதல் தொடர்தான் ஜெயிக்கிறது. எங்கள் குழுவில் ஒருமுறை அதை விட்டுவிட்டு 2015இல் வந்த ‘ரிப்ளை 1988’ எடுத்தோம். 20 பகுதிகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், பாதிப் பேர் தயங்கினார்கள். முதல் பகுதியில் கதை நடக்கும் சியோல் நகரச் சந்துக்குள் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக்குக் கிண்ணத்தோடு ஓடி, வேறொரு பலகாரத்தோடு திரும்பி, மறுபடி ஓடுவார்களே, அங்கேயே எல்லோரும் விழுந்துவிட்டோம். அப்புறம் கொரியாவில் ஒளிபரப்பிய மாதிரியே வாரம் இரண்டு பகுதி, ஒருவர்கூட முந்திக்கொண்டு பார்க்கவில்லை! அடுத்தது ‘மை மிஸ்டர்’, மெதுவாகத்தான் தொடங்கும், தயவுசெய்து நாலு பகுதி பொறுங்கள் என்று இப்போதே எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.