அது பேய்த் திருவிழா இல்லை, தம்பி

மூன்று நாளாக அந்த ஸ்க்ரீன்ஷாட் இன்பாக்ஸில் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. "அக்கா, இது நீங்கதானே?" ஆமாம், நானேதான். மெக்சிகோவில் இறந்தவர்களுக்காகக் கொண்டாடுகிற பண்டிகையைப் 'பேய்த் திருவிழா' என்று காட்டின ஒரு தம்பியின் வீடியோவுக்குக் கீழே "தம்பி, அது பேய்த் திருவிழா இல்லை" என்று ஒரு வரி போட்டவள் நான்தான். அதற்குத் தம்பி "லைட்டா எடுத்துக்கோங்கக்கா" என்று நாலு சிரிப்புப் பொம்மை போட்டதும், பின்னாலேயே ஒரு கூட்டம் வந்து எனக்கு வகுப்பெடுத்ததும் நீங்கள் பார்த்ததுதான். வீடியோவின் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் புண்ணியத்தில் இன்னும் நாலு வியூஸ் ஏற வேண்டாம்.

லைட்டாக எடுத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். முடியவில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 இரண்டு நாளும் இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். தியா தே முவெர்த்தோஸ் என்பார்கள். முதல் நாள், குழந்தைகளாகவே போய்விட்டவர்களுக்கு. மறுநாள் பெரியவர்களுக்கு. வீட்டுக்குள் ஒரு மேசை போட்டுத் துணி விரித்து, போனவர்களின் போட்டோ, மெழுகுவர்த்தி, கொஞ்சம் உப்பு, இந்த நாளுக்கென்றே சுடுகிற இனிப்பு ரொட்டி, அவரவருக்குப் பிடித்த சாப்பாடு எல்லாம் வைப்பார்கள். ஒரு கிளாஸ் தண்ணீரும் இருக்கும். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவருக்குத் தாகமெடுக்குமே. கோபல் என்ற மரப்பிசினைத் தணலில் போட்டால் வீடெல்லாம் நம் சாம்பிராணிக்குச் சித்தி பெண் மாதிரி ஒரு வாசனை. அந்த மேசைக்கு ஒஃப்ரெண்டா என்று பெயர். நம் வீட்டில் படையல். நாம் போட்டால் பாரம்பரியம், அவர்கள் போட்டால் பேயா?

கூப்பிடாமல் வருவதைத்தான் எங்கள் ஊரில் பேய் என்பார்கள். வாசலிலிருந்து மேசை வரை பூவிதழ் தூவி வழிகாட்டி, விளக்கேற்றி வைத்து, "வாங்க, சாப்பிடுங்க" என்று அழைத்து வருகிறவரை என்ன சொல்வது? என் தாத்தாவுக்கு அமாவாசைக்கு இலை போடுகிறார்களே, அவர் பேயா?

அப்படித் தூவுவது என்ன பூ என்று தம்பி விசாரித்தாரா தெரியவில்லை. "ஏதோ மஞ்சள் பூ, கைஸ்" என்றார். நம்ம செண்டுமல்லி, தம்பி. ஆயுத பூஜைக்கு நிலக்கோட்டைச் சந்தையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குமே, அதே செண்டுமல்லி. அதற்குப் பூர்வீகமே மெக்சிகோதான். ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே ஆண்ட ஆஸ்டெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியில் 'இருபது பூ' என்று பொருள்படும் பெயர் அதற்கு. இன்று வரை சென்பசூச்சில் என்றே அங்கே சொல்கிறார்கள். அந்த மொழியை இன்றும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். நாமும் தெரியாமல் கொஞ்சம் பேசுகிறோம், சாக்லேட் கேட்கும்போதும் சப்போட்டா வாங்கும்போதும்.

இதெல்லாம் எனக்குப் புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. 2014இலிருந்து நான்கு வருஷம் மெக்சிகோவின் குவாடலஹாரா நகரத்தில் வேலை பார்த்தேன். 2016 ஜூனில் அப்பா போய்விட்டார். வேலை அனுமதி அட்டை புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். நாட்டை விட்டுப் போக அனுமதி வாங்கி, டிக்கெட் போட்டு, நான் ஊர் வந்து சேர்ந்தபோது பத்தாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. என் கூடப்பிறந்த தம்பி கொள்ளி வைத்ததை வாட்ஸப்பில் பார்த்தேன். பாதியில் சிக்னல் போய்விட்டது. அதைப் பற்றி இங்கே இதுவரை எழுதியதில்லை. இப்போதும் எழுத உட்காரவில்லை, வந்துவிட்டது.

அந்த நவம்பரில் எங்கள் வீட்டுக்காரப் பாட்டி மாடியேறி வந்து, "உன் அப்பா போட்டோ ஒன்று கொடு" என்றார். போனில்தான் இருந்தது. தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தன் கணவர் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார். "என்ன சாப்பிடுவார்?" காபி என்றேன். மண்சட்டியில் பட்டையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சுகிற காபி ஒன்று அங்கே உண்டு. ஒரு குவளை கொண்டுவந்து வைத்தார். என் ஓட்டை ஸ்பானிஷில், "ஐயோ, அவருக்குச் சர்க்கரை வியாதி, பதினைந்து வருஷமாகச் சீனி போடாத காபிதான்" என்றேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "செத்த மனுஷனுக்கு இனிமேல் என்ன டாக்டர்?" என்றார்.

அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஐந்து மாதமாக அடைத்துக்கிடந்தது அந்த மேசை முன்னால்தான் உடைந்தது. அதைப் போய் ஒருத்தர் 'பேய்த் திருவிழா' என்றால், எனக்கு லைட்டாக வராது.

சரி, கமெண்டுகளுக்கு வருகிறேன்.

"மண்டை ஓட்டுக்குப் பூ வைத்து, தொப்பி போட்டு, அவர்களே சிரிக்கிறார்கள். நாங்கள் சிரித்தால் என்ன?" கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்? இந்தப் பண்டிகையில் எங்கும் தெரிகிற, பெரிய தொப்பி போட்ட எலும்புக்கூட்டு அம்மாவை வரைந்தவர் ஹோசே குவாதலூப்பே போசாதா. 1852இல் அகுவஸ்கலியெந்தஸில் பிறந்தவர், காலணாத் துண்டுப் பிரசுரங்களுக்குப் படம் செதுக்கிப் பிழைத்தவர். 1910 வாக்கில் செதுக்கிய படம் அது. தன் ரத்தத்தில் ஓடுகிற பூர்வகுடியை மறைத்துக்கொண்டு, ஐரோப்பிய சீமாட்டி மாதிரி தொப்பி போட்டுத் திரிந்தவர்களைக் கிண்டல் செய்த படம். உடம்பில் துணி இல்லை, எலும்புதான். தலையில் மட்டும் பிரெஞ்சுத் தொப்பி! பின்னால் ஓவியர் தியேகோ ரிவேரா 1947இல் முடித்த பெரிய சுவரோவியத்தின் நடுவில் அவளை நிறுத்தி முழு உடுப்பும் கொடுத்தார். கத்ரீனா என்ற பெயர் நிலைத்தது. போசாதா 1913இல் கையில் காசில்லாமல் செத்து, ஏழைகளைப் புதைக்கும் குழியில் போனார். வெள்ளைக்காரத் தொப்பிக்கு ஆசைப்படுகிறவனைச் சிரிக்க அவர் செய்த பொம்மையை வைத்துக்கொண்டு, அவர் ஜனங்களையே நாம் சிரிக்கிறோம்.

அவர்கள் சாவைக் கிண்டலடிக்கிற அழகே வேறு. உயிரோடு இருக்கிற அமைச்சரையும் மேனேஜரையும் செத்துப்போனதாக வைத்து, எதுகையோடு ஒரு கேலிப்பாட்டு எழுதுவார்கள். கலவேரா என்று பெயர். பத்திரிகைகளிலேயே வரும். என் அலுவலகத்தில் என் மேலும் ஒன்று எழுதினார்கள். சாவு என்னைக் கூட்டிப்போக வந்ததாம். நான் டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினேனாம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, காரம் தாங்காமல் மண்டை ஓட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டதாம். உலகத்துக்கே மிளகாய் கொடுத்தவர்கள் எழுதியது இது! அதை ரொம்ப நாள் மேசையில் ஒட்டி வைத்திருந்தேன். ஆக, எனக்குச் சிரிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்தவர்: "மெக்சிகோ நகர ஊர்வலமே ஜேம்ஸ் பாண்ட் படம் பார்த்து ஆரம்பித்ததுதானே?" ஆமாம். 2015இல் வந்த படத்தில் அப்படி ஓர் ஊர்வலம் காட்டினார்கள். பார்த்துவிட்டு வருகிற சுற்றுலாப் பயணி தேடுவானே என்று 2016இலிருந்து நிஜமாகவே நடத்துகிறார்கள். உண்மை. ஒத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை. அது தெருவில் நடப்பது. நான் பேசுவது வீட்டுக்குள் இருக்கிற மேசையைப் பற்றி. 2013இல் டிஸ்னி கம்பெனி இந்தப் பண்டிகையின் பெயரையே வணிக முத்திரையாகப் பதிவு செய்யக் கிளம்பி, ஜனங்கள் கொந்தளித்த பிறகு பின்வாங்கியது. பெயரை வாங்கப் பார்த்தார்கள். பாட்டி காய்ச்சின காபியை எப்படி வாங்குவார்கள்?

"இது ஆஸ்டெக் காலத்துச் சடங்கே இல்லை, கத்தோலிக்கம்தான்" என்று ஒரு படித்தவர் வந்திருந்தார். சண்டை போட மாட்டேன், வரலாற்றாசிரியர்களே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்டெக்குகளுக்கு இறந்த சிறுவர்க்கு ஒன்று, பெரியவர்க்கு ஒன்று என்று விழாக்கள் இருந்தன. ஸ்பானியர் சகல புனிதர் தினத்தையும் சகல ஆத்துமாக்கள் தினத்தையும் கொண்டுவந்தார்கள். 1521இல் ஆஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லான் ஸ்பானியரிடம் விழுந்த பிறகு எது எதோடு எவ்வளவு கலந்தது என்று இன்றைக்குத் தராசு பிடிக்க முடியுமா? யுனெஸ்கோ 2008இல் இந்தப் பண்டிகையைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் கலந்து உருவானது என்றுதான் சேர்த்தது. கலந்தால் கெட்டுப்போய்விடுமா என்ன. செண்டுமல்லியை நம் சாமிக்குப் போடும்போது பாஸ்போர்ட்டா கேட்கிறோம்?

"நரபலி கொடுத்த கூட்டத்துக்கு வக்காலத்து வாங்குறீங்களே" என்றவருக்குப் பதில் சொல்லவே வேண்டாம் என்றிருந்தேன். கொடுத்தார்கள்தான். மெக்சிகோ நகரத்தின் நடுவில் மண்டை ஓடுகளை அடுக்கிய கோபுரத்தை 2015இல் தோண்டி எடுத்ததும் மெக்சிகோக்காரர்கள்தான், ஒளிக்கவில்லை. ஆனால் தம்பி படம் பிடித்தது பாட்ஸ்குவாரோ ஏரிப் பக்கம். அங்கே இருப்பவர்கள் புரேபெச்சா மக்கள். ஆஸ்டெக்குகள் படையெடுத்து வந்து அடி வாங்கித் திரும்பிய இடம் அது. கடைசி வரை அவர்களால் பிடிக்க முடியவில்லை. மொழியும் வேறு, உலகத்தில் வேறெந்த மொழியோடும் உறவு காட்ட முடியாத தனிமொழி. வீடியோ முழுக்க "ஆஸ்டெக் ஆவிகள், ஆஸ்டெக் ஆவிகள்" என்று ஓடுகிறது. யாருடைய ஆவி என்றாவது கேட்டிருக்கலாம். பேய் என்று சொல்வதிலாவது விலாசம் சரியாக இருக்க வேண்டாமா?

"கார்டெல் நாட்டுக்கு இவ்வளவு சென்டிமென்டா?" கார்டெல் என்றால் போதைக் கடத்தல் கும்பல். இதைப் படித்தபோதுதான் கை நடுங்கியது.

நான் அங்கே போன வருஷம், 2014 செப்டம்பர் 26 ராத்திரி, அயோட்சினாபா ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் 43 பேர் இகுவாலா நகரத்தில் காணாமல் போனார்கள். 1968 அக்டோபர் 2 படுகொலையின் நினைவு ஊர்வலத்துக்குப் போவதற்காகப் பஸ் பிடிக்கப் போன பையன்கள். அந்த 68இல் மெக்சிகோ நகரத்தின் த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்டபோது, டெல்லியில் மெக்சிகோ தூதராக இருந்தவர் கவிஞர் ஒக்தாவியோ பாஸ். தன் அரசாங்கமே செய்தது என்று தெரிந்ததும் இங்கிருந்தபடியே பதவியை விட்டு விலகினார். அந்த நினைவுக்குப் போகக் கிளம்பிய பையன்களே நினைவாகிப் போனார்கள். 2022இல் நாடு முழுக்கக் காணாமல் போனவர்களின் அரசுக் கணக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. நான் கிளம்பிய 2018இல் குவாடலஹாராவின் பெரிய ரவுண்டானா ஒன்றில், குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளின் போட்டோவை ஒட்டி ஒட்டி, காணாமல் போனவர்களின் ரவுண்டானா என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்தத் தாய்மாரில் சிலர் நவம்பரில் பிள்ளையின் போட்டோவை மேசையில் வைக்க மாட்டார்கள். வைத்தால் செத்துவிட்டான் என்று அவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஊரெல்லாம் தன் ஆட்களை வீட்டுக்குக் கூப்பிடுகிற நாளில், கூப்பிடவும் முடியாமல் விடவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவர்கள். இந்த நாட்டைப் பார்த்துச் சாவோடு விளையாடுகிறவர்கள் என்கிறார் நம்மாள், ஹோட்டல் அறையில் உட்கார்ந்து எடிட் பண்ணிக்கொண்டு.

"நாலு வருஷம் இருந்தா நீங்க மெக்சிகோக்காரியா?" இல்லை. அந்த மண்ணின் மேல் எனக்கு ஒரு உரிமையும் கிடையாது. ஆனால் வீட்டுக்காரப் பாட்டி 2020இல் போய்விட்டார். இப்போது மேசை போடுவது அவர் மகள். இந்த வருஷமும் போட்டோ அனுப்பியிருந்தார். பாட்டி, அவர் கணவர், ஓரத்தில் மங்கிப்போன பிரிண்டில் எங்கள் அப்பா. திண்டுக்கல்லை விட்டு மதுரை தாண்டாத மனுஷன். அதைப் பார்த்துவிட்டு போனை மூடும் முன்தான் அந்த வீடியோ கண்ணில் பட்டது. அதனால்தான் அந்த ஒரு வரி. வேறு எந்த நாளாக இருந்தாலும் நானும் தள்ளிவிட்டுப் போயிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீடியோவில் நாலாவது நிமிஷம். கல்லறைப் பக்கத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு ஒரு வயசான அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறார். மெழுகுவர்த்தி ஏழோ எட்டோ. ராத்திரி முழுக்க அப்படித்தான் இருப்பார்கள், விடியும் வரைக்கும் துணைக்கு. நீங்கள் அவர் முகத்துக்கு ஜூம் போகிறீர்கள், தம்பி. அவர் கையை மேலே தூக்குகிறார், கேமராவை எடு என்று. அந்த இடத்தில் பேய் சிரிப்பு மியூசிக் போட்டிருக்கிறீர்கள்.

தலைப்பு இருக்கட்டும், ஆஸ்டெக் இருக்கட்டும், என்னைப் பற்றிய கமெண்டும் இருக்கட்டும். அந்த நாற்பது செகண்டை மட்டும் வெட்டிவிடுங்கள்.