பத்து இரவுக் கூத்தை ஊர்தான் காப்பாற்ற வேண்டும்

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் மகாபாரத விழாவான பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கும். பத்து இரவு, சில ஊர்களில் அதற்கும் மேல். இப்போது பல ஊர்களில் இது இரண்டு மூன்று இரவாகச் சுருங்குகிறது. மிச்சமாகும் பணம் மெல்லிசைக் கச்சேரிக்குப் போகிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

கூத்தை யாரும் ஏட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்வதில்லை. தாளம் போட்டு, பின்பாட்டுப் பாடி, சின்னச் சின்ன வேஷம் கட்டி, பல பருவங்கள் கழித்துத்தான் ஒருவர் கர்ணனாகத் திரையை விலக்கிக்கொண்டு வருகிறார். முகவீணை என்ற குழலை ஊதுபவருக்கும் அதே கதைதான். இரவுகளைக் குறைத்தால் கூட்டம் சேரும் கதைகளை மட்டுமே ஊரார் கேட்பார்கள். மற்றவை கூத்து வாத்தியாருக்கு மட்டும் தெரிந்த பாட்டாகி, அவரோடு போய்விடும். பதிவு செய்து வைத்தால் போதாதா என்கிறார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அந்த ஊர்ச் சேதியை அந்த இரவிலேயே கதைக்குள் இழுத்து வந்து பேசுகிறானே, அது எந்தப் பதிவில் பிழைக்கும்?

நல வாரியம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது. இருக்கட்டும், இன்னும் கூடட்டும். ஆனால் வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, அச்சாரம் கொடுப்பது ஊர்தான். பங்குனி முதல் ஆடி, ஆவணி வரை கட்டும் வேஷத்தை நம்பித்தான் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்தப் பருவம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஊர் கூப்பிடாவிட்டால் கலைஞரின் நிலை என்ன என்பதை அந்த ஆண்டு நாம் எல்லோரும் பார்த்தோம்.

இன்னொன்று. 1977-இல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால், அவரை உலுக்கிய, புரிசை கிராமத்துக் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் கூத்து இருந்தது. நகரத்து நவீன நாடகம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பலவும், கிராமத்தார் வீடு வீடாகக் கொடுத்த தலைக்கட்டு வரியால் வளர்ந்தவை. கடன் அந்தப் பக்கமும் இருக்கிறது.

அந்த வரியிலும் ஒரு குறை உண்டு. ஒரு தெருவிடம் மட்டும் வாங்காமல் ஒதுக்கிவைக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதை முதலில் விட்டொழிக்க வேண்டும். எல்லாத் தெருவும் கொடுக்கட்டும், எல்லாத் தெருவும் முன்வரிசையில் உட்காரட்டும். துகில் உரியப்பட்ட ஒருத்தி சபையில் நியாயம் கேட்கும் கதையை, சிலரை வெளியே நிறுத்திவிட்டு எப்படி ஆடுவது?

சென்னையிலும் பெங்களூரிலும் சம்பளம் வாங்கும் நாம் துரியோதனன் வீழும் படுகளத்தன்று மட்டும் வந்து, மண்ணில் செய்த துரியோதனன் உருவத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். எங்கள் ஊரில் தை மாதம் வரி பேசக் கூடுவார்கள். பத்து இரவுக்கும் பாக்கு வைக்கச் சொல்லப் போகிறேன். கூடுதல் இரவுகளின் செலவை வெளியூரில் இருப்பவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். சேர விரும்பும் நம் ஊர்க்காரர்கள் இன்றே சொல்லுங்கள். பருவம் நெருங்கிவிட்டால் நல்ல ஜமா கிடைக்காது.