ஊதறவன் ஹாயா இருக்கான், கேக்கறவன்தான் கெட்டவனா?

மூடின எடத்துல சிகரெட்டுக்கும் வேப்புக்கும் (அதாங்க, பேட்டரில ஓடற இ-சிகரெட்) தடை போடலாமா வேணாமான்னு இன்னும் விவாதம் பண்ணிட்டு இருக்கறவங்கள பாத்தா எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வருது. என்னய்யா விவாதம்? எப்பவோ முடிஞ்ச கதை இது. புகையிலை சட்டம் 2003-லயே வந்தாச்சு. 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னிக்கு, பொது எடத்துல புகைக்கக்கூடாதுன்னு ரூல்ஸும் அமலுக்கு வந்தாச்சு, அப்ப சென்ட்ரல்ல சுகாதார மந்திரி நம்ம அன்புமணிதான். ஆபீஸ், ஓட்டல், தியேட்டர், மால், ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், பார் வரைக்கும் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கு. வேப்பு அதவிட மோசம், 2019-லயே நாடு முழுக்க தடை, செய்யக்கூடாது விக்கக்கூடாது இறக்கக்கூடாது விளம்பரம் பண்ணக்கூடாது, மொதோ தடவை மாட்டினாலே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 1 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். விக்கவே கூடாத சாமான கையில வெச்சிக்கிட்டு "இதை ஏசி ரூம்ல இழுத்தா தப்பா பாஸ்?"னு நம்மகிட்டயே கேக்கறான் பாருங்க, அந்த தைரியம்தான் எனக்கு புரியவே மாட்டேங்குது.

சட்டம் இல்லாததா பிரச்சனை? இல்லவே இல்ல. இந்த ஊர்ல ஊதறவன பாத்து "ஏன்யா ஊதற"ன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான், கேக்கறவன பாத்துதான் "உனக்கென்னய்யா பிரச்சனை"ன்னு கேப்பான். அதுதான் பிரச்சனை.

ரயில்வே சட்டம்னு ஒண்ணு இருக்கு, 1989-ல போட்டது, அதுல 167-வது பிரிவ எடுத்து படிச்சு பாருங்க. பெட்டியில இருக்கற வேற பயணி ஆட்சேபம் சொன்னா புகைக்கக்கூடாதாம், மீறினா 100 ரூபா வரைக்கும் ஃபைன். ஆட்சேபம் சொன்னா! அதாவது நீ எந்திரிச்சு, கும்பிடு போட்டு, "அண்ணே கொஞ்சம் அணைக்கறீங்களா"ன்னு கேட்டாத்தான் அவன் செய்யறது தப்பு, நீ வாய மூடிக்கிட்டு இருந்தா அவன் செய்யறது சரி. ரயில்வே நெனச்சா மொத்தமாவே தடை பண்ணலாம்னு அதே பிரிவுல அடுத்த வரியில இருக்கு, பின்னாடி வந்த புகையிலை சட்டத்துல ரயில்ல எங்கயுமே கூடாதுன்னும் ஆயிடுச்சு, அதெல்லாம் சரி. ஆனா நம்ம ஜனங்க மண்டையில இன்னும் 1989-தான் ஓடிக்கிட்டு இருக்கு. ராத்திரி ட்ரெயின்ல கதவுகிட்ட நின்னுக்கிட்டு ஊதுவான், ஏசி கோச்சுன்னா டாய்லெட்டுக்குள்ள போய் ஊதிட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி தலைய வாரிக்கிட்டு வெளிய வருவான், அடுத்து உள்ள போறவங்க மூக்க பொத்திக்கிட்டு போகணும். கேட்டா "ட்ரெயின் என்ன உங்க அப்பா வீட்டு சொத்தா"ன்னு ஒரு கேள்வி. இல்லப்பா, உங்க அப்பா வீட்டு சொத்தும் இல்ல.

சரி, எங்க அபார்ட்மெண்ட் கதைக்கு வரேன். எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறறது அங்கதான்.

எங்களுக்கு நேர் கீழ் வீட்டு சார் ரொம்ப நல்ல மனுஷன். பாத்தா சிரிப்பாரு, கொலுவுக்கு சுண்டல் குடுத்தனுப்புவாரு. ஹால்ல சிகரெட் புடிச்சா வீட்டம்மா திட்டுவாங்கன்னு பாத்ரூமுக்குள்ள போய் புடிப்பாரு, காலைல அது இல்லாம அவருக்கு வயிறு வேலை செய்யாதாம். சென்னையில இந்த மாதிரி பழைய அபார்ட்மெண்ட்ல இருக்கறவங்களுக்கு தெரியும், எல்லா வீட்டு பாத்ரூம் வெண்டிலேட்டரும் ஒரே ஷாஃப்ட்லதான் தொறக்கும், நாலு கண்ணாடிப் பட்டைய சரிச்சு சொருகி வெச்சிருப்பாங்க, நடுவுல பைப்பா போகும், அடியில புறா எச்சமும் பழைய பக்கெட்டும் கெடக்கும். அந்த ஷாஃப்ட் வழியா அவர் விடற புகை நேரா மேல ஏறி எங்க பாத்ரூம்ல வந்து குந்திக்கும். பையன் குளிச்சு தொடைக்கற துண்டுல சிகரெட் நாத்தம். அவனுக்கு வீசிங் இருக்கு. ராத்திரி நெபுலைசர் வெச்சு மூக்குல மாஸ்க்க புடிச்சுக்கிட்டு உக்காந்தவங்களுக்குத்தான் அந்த மெஷின் சத்தம் எப்படி இருக்கும்னு தெரியும். டாக்டர்கிட்ட போனா மொதோ கேள்வியே "வீட்டுல யாராவது ஸ்மோக் பண்றீங்களா?" இல்ல டாக்டர், கீழ் வீட்டு சார் பண்றாரு, எங்க வீட்டுல நாங்க இழுக்கறோம்! அவரு வீட்டம்மாவுக்கு போகக்கூடாதுன்னு அவ்ளோ அக்கறையா பாத்துக்கற புகை என் புள்ளைக்கு வருது சார், அது ஒரு கணக்கா?

இத அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங்ல சொன்னேன். லிஃப்ட், மாடிப்படி, பார்க்கிங், பார்ட்டி ஹால், இங்கெல்லாம் சிகரெட்டும் கூடாது வேப்பும் கூடாதுன்னு ஒரு தீர்மானம் போடுங்க, பாத்ரூம்ல புடிக்கறவங்க ஷாஃப்ட்ட யோசிச்சு பாருங்கன்னு. அவ்ளோதான் கேட்டேன். என்னமோ அவங்க கிட்னிய கேட்ட மாதிரி ஆளாளுக்கு கெளம்பிட்டாங்க. ஒருத்தர் "என் வீடு, என் உரிமை"ங்கறாரு. லிஃப்ட் எப்ப சார் உங்க வீடாச்சு? இன்னொருத்தர் "அப்போ மீன் வறுக்கறதுக்கும் தடை போடுங்க"ன்னாரு. மீன் வறுத்தா பசி எடுக்கும் சார், கேன்சர் எடுக்காது. ஒரு அம்மா "சாம்பிராணி போடறோமே, கொசுவத்தி கொளுத்தறோமே, அதுவும் புகைதானே"ன்னாங்க. அதுவும் நல்லதில்லதான்மா, நானும் நிறுத்திட்டேன், ஆனா ஒரு தப்ப காட்டி இன்னொரு தப்புக்கு பட்டா போடுவீங்களா? அப்புறம் நம்ம சட்ட மேதை ஒருத்தர் இருக்காரு, "இது பப்ளிக் ப்ளேஸ் கெடையாது, அந்த சட்டம் இங்க செல்லாது"ன்னு அடிச்சு விட்டாரு. பொதுமக்கள் வந்து போற எடம்தான் பப்ளிக் ப்ளேஸ்னு சட்டத்துல இருக்கு, சொந்த வீட்டுக்குள்ள சட்டம் வராதுன்றதும் வாஸ்தவம்தான், ஒத்துக்கறேன், ஆனா மாடிப்படிக்கும் லிஃப்ட்டுக்கும் அசோசியேஷனே ரூல் போடலாமே, செருப்பு ஸ்டாண்ட் எங்க வெக்கணும்னு பக்கம் பக்கமா ரூல் எழுதி வெச்சிருக்கீங்களே! கடைசியில என்னாச்சு? "சின்ன விஷயத்தை பெருசாக்காதீங்க தம்பி, அனுசரிச்சு போங்க"ன்னு எனக்கு அட்வைஸ். புடிக்கறவருக்கு ஒரு வார்த்தை இல்ல.

எங்க தாத்தா சுருட்டு புடிப்பாரு. படிக்காத மனுஷன், ஒரு சட்டமும் தெரியாது. சாப்ட்டு முடிச்சு கொல்லைப்பக்கம் போய் கெணத்தடியில உக்காந்து புடிச்சிட்டு வாய கொப்புளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ளயே வருவாரு. கைக்கொழந்தை இருக்கற வீடுன்னு அவருக்கு யாரும் போர்டு வெச்சு சொல்லல.

இதுல சிகரெட்காரனாவது பரவால்ல, குத்த உணர்ச்சி கொஞ்சம் இருக்கும், ஓரமா போவான். இந்த வேப் கோஷ்டி இருக்கே! தியேட்டர்ல பக்கத்து சீட்டுல பெண்டிரைவ் மாதிரி ஒண்ண உள்ளங்கையில மறைச்சு வெச்சு இழுத்து விடறான், மாம்பழ வாசனை, புதினா வாசனைன்னு வருது, திரும்பி பாத்தா "ப்ரோ, இது வெறும் தண்ணி ஆவி ப்ரோ". தண்ணி ஆவியா? இட்லி குண்டானா வெச்சிருக்க நீ? அதுல நிகோடின் இருக்கு, கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் இருக்கு, வாசனைக்கு போடற கெமிக்கல் இருக்கு, கண்ணுக்கே தெரியாத பொடித்துகள் நுரையீரலோட ஆழம் வரைக்கும் போகுது. சிகரெட்டவிட கெடுதல் கம்மியா இருக்கலாம், இருந்துட்டு போகட்டும், அது உனக்கும் சிகரெட்டுக்கும் உள்ள கணக்கு. நான் சிகரெட்டே புடிக்கலையே, எனக்கு எதுலருந்து கம்மி? அதே தியேட்டர்ல படம் போடறதுக்கு முன்னாடி புகையிலை கூடாதுன்னு விளம்பரம் போடுவான், மொத்த ஹாலும் கூட சேந்து டயலாக் சொல்லி சிரிக்கும், இன்டர்வெல்ல டாய்லெட்டுக்கு போனா ஆள் மூஞ்சி தெரியாத அளவுக்கு புகை.

ஆபீஸ் மட்டும் ஒழுங்கான்னா, நான் வேலை பாத்த ஒரு ஆபீஸ்ல ஃபயர் எக்ஸிட் படிக்கட்டுதான் ஸ்மோக்கிங் ரூம். தானா சாத்திக்கற கதவு, தீ புடிச்சா புகை உள்ள வரக்கூடாதுன்னு போட்டது. அந்த கதவு சாத்தாம இருக்க நம்ம ஆளுங்க எதை முட்டு குடுத்து வெச்சிருந்தாங்க தெரியுமா? செவப்பு கலர் தீயணைப்பு சிலிண்டர! புகை ஜம்முனு ஃப்ளோர் முழுக்க வரும், எச்ஆர்கிட்ட சொன்னா "யாருன்னு பேர் குடுங்க, ஆக்‌ஷன் எடுக்கறோம்"னாங்க. நான் ஏங்க பேர் குடுக்கணும், நாளைக்கு அவன் கூடத்தானே நான் உக்காந்து வேலை பாக்கணும்? ஆனா 2008 ரூல்ஸ்ல என்ன இருக்கு தெரியுமா? 60-க்கு 30 சென்டிமீட்டர்ல போர்டு வெக்கணும், புகார யார்கிட்ட சொல்லணும்னு அவர் பேரும் போடணும், ஆஷ்ட்ரே லைட்டர் எதுவும் வெக்கக்கூடாது, கண்டுக்காம விட்டா எடத்துக்கு பொறுப்பானவரும் ஃபைன் கட்டணும். போர்டு எல்லா எடத்துலயும் இருக்கும், அதுல புகார் பேர் போடற எடத்த பாருங்க, பாதி எடத்துல காலியா கெடக்கும்.

30 சீட்டோ அதுக்கு மேலயோ உள்ள ரெஸ்டாரண்ட்ல தனி ஸ்மோக்கிங் ரூம் வெச்சுக்கலாம்னு ஒரு சலுகை வேற. நாலு பக்கமும் மேல வரைக்கும் சுவரு, தானா மூடற கதவு, தனி காத்தோட்டம், இதெல்லாம் இருந்தாத்தான். அதுக்குள்ள எதுவும் சர்வ் பண்ணக்கூடாதுன்னு 2017-ல இன்னும் இறுக்கிட்டாங்க. நேர்ல போய் பாத்தா ஒரு கண்ணாடி தடுப்பு, எப்பவும் தொறந்தே கெடக்கற கதவு, உள்ள ட்ரே தூக்கிட்டு போய்ட்டு வர்ற சர்வர் பையன்.

அந்த பையன பத்தித்தான் இந்த விவாதத்துல ஒரு நாயும் பேசறதில்ல. எனக்கு புடிக்கலன்னா பில்ல கட்டிட்டு நான் எந்திரிச்சு போயிடுவேன், அவன் எங்க போவான்? தெருமுனை ஒயின்ஷாப் பாருக்குள்ள டேபிள் தொடைக்கற ஆளு மத்தியானத்துலருந்து ராத்திரி கடை சாத்தற வரைக்கும் அந்த புகைக்குள்ளதான் நிக்கறான், கஸ்டமர்கிட்ட "அண்ணே அணைங்க"ன்னு சொன்னா அன்னிக்கே வேலை போயிடும். அயர்லாந்து 2004 மார்ச் 29-ல பப்புல கூட கூடாதுன்னு தடை போட்டப்போ வேலை செய்யறவங்க ஒடம்ப காரணம் காட்டித்தான் போட்டாங்க, வேலை செய்யற எடம்னா புகை கூடாது, அவ்ளோதான். பப்பெல்லாம் இழுத்து மூடிருவாங்கன்னு அங்கயும் கத்தினாங்க, இன்னிக்கும் அயர்லாந்துல பப்பு இருக்கு.

மத்தவங்க விடற புகைய இவ்ளோ சுவாசிச்சா பரவால்லன்னு ஒரு அளவே கெடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதுல 7000-க்கு மேல கெமிக்கல் இருக்கு. 2016-17 தேசிய சர்வேயில பெரியவங்கள்ல புகைக்கறவங்க 10.7 சதவீதம், வீட்டுல அடுத்தவன் புகைய சுவாசிக்கறவங்க 38.7 சதவீதம். இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்துட்டு அப்புறம் என்கிட்ட "தனிமனித சுதந்திரம்"னு பேசுங்க.

ஃபைன் எவ்ளோ? 200 ரூபா வரைக்கும். 2003 சட்டத்துலருந்து அதே 200. இன்னிக்கு ஒரு பாக்கெட் வாங்கற காசு, "இந்தா வெச்சுக்கோ"ன்னு குடுத்துட்டு அடுத்தத பத்த வெப்பான். இதை 2000 ஆக்கறோம், ஸ்மோக்கிங் ரூமே வேணாம்னு 2020 கடைசியில ஒரு திருத்த மசோதா வரைவு விட்டாங்க, கருத்து கேட்டாங்க, வியாபாரிங்க பீடி முதலாளிங்க எல்லாம் சத்தம் போட்டாங்க, போன எடம் தெரியல. பக்கத்துல கர்நாடகாவுல தனியா திருத்தம் கொண்டு வந்து 1000 ஆக்கிட்டாங்க. நாம இன்னும் போர்டு மாட்டிக்கிட்டு இருக்கோம். ஹெட்மாஸ்டர், ஸ்டேஷன் மாஸ்டர் கூட ஃபைன் போடலாம்னு அதிகாரம் குடுத்திருக்காங்க, அவங்க ரசீது புக்க தொறந்து நீங்க யாராவது பாத்திருக்கீங்களா?

எங்க மீட்டிங்ல செக்ரட்டரி சார் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்"னு முடிச்சிட்டாரு, அஜெண்டாவுல பெயிண்டிங் காண்ட்ராக்ட்டுக்கு அடுத்து போட்டிருக்காராம். அதுவரைக்கும் நான் பாத்ரூம் வெண்டிலேட்டர்ல அட்டைய வெட்டி டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன். இப்ப ஈரம் வெளிய போகாம சீலிங் ஓரமா பூஞ்சை புடிக்க ஆரம்பிச்சிருக்கு. அதனாலயும் வீசிங் வரும்ங்கறாரு டாக்டர். போன வாரம் கீழ் வீட்டு சார் படிக்கட்டுல என்ன பாத்து, "என்ன தம்பி, ஷாஃப்ட்ட அடைச்சுட்டீங்களாமே, கட்டிடத்துக்கு காத்தோட்டம் முக்கியம் தம்பி"ன்னாரு.